காது கிழிந்த நாம்பன் கன்றுகள்

எங்களிடம் ஐந்து பசுக்கள் நின்றன. ஸ்கந்தபுரத்தில் எங்களுக்கு இருந்த வயல் வீட்டுச் சோற்றுக்குத்தான் காணும். பாற்காசு அன்றாடம் கரைந்துபோகும். பெரிய செலவு ஏதும் வந்தால் ஒரு நாம்பன் கன்றை விற்போம். பசுக்கன்றை யாரும் இலேசில் விற்கமாட்டார்கள். ஆண் கன்று பால் தராது, உழவுக்கும் இப்போது தேவையில்லை. ஆகவே நாம்பன் என்றால் விற்பதற்கென்றே வளர்வது. கிணற்றுக்குக் கட்டுக் கட்டியதும் மகளைக் கம்பஸில் படிக்க அனுப்பியதும் நாம்பன்கள் விற்ற காசில்தான். அவை எங்கே போய் முடிகின்றன என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

வாங்க வருபவர் ஓமந்தைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஒருவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன். சிறிய லொறியில் வருவார். என் கணவர் ஒரு விலை கேட்பார், அவர் குறைப்பார், நான் தேத்தண்ணீர் கொடுப்பேன். தேத்தண்ணீர் முடியும்போது விலையும் முடிந்திருக்கும். ஒரு நாளும் மனக்கசப்பு வந்ததில்லை.

அந்த வருடம் மாடுகளுக்கு அம்மை வந்தது. உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பி, காய்ச்சலில் தலையைத் தொங்கப் போட்டபடி நிற்கும். எங்கள் மாடுகளுக்கு நேரத்தோடு ஊசி போட்டிருந்தோம். ஒன்றுக்கும் வரவில்லை. மாடுகளை மாவட்டம் விட்டு மாவட்டம் ஏற்றக்கூடாது என்று தடை வந்தபோதும் நான் பெரிதாக யோசிக்கவில்லை. நோய் வந்த மாட்டுக்காரரின் பாடு அது என்று நினைத்தேன்.

பிறகு பக்கத்து வளவுக்காரி தன் சினைப்பசுவை ஓர் ஆட்டின் விலைக்குக் கொடுத்தார். நான் நம்பாமல் இரண்டு தரம் கேட்டேன். “ஓம், ஆட்டு விலைதான். அதுக்கும் கெஞ்சித்தான் குடுத்தனான்” என்றார்.

அடுத்த கிழமை நானா வந்தார். லொறி இல்லை. மோட்டார்சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார்.

“லொறியை எங்கை விட்டனீங்கள், நானா?”

“வீட்டிலை நிக்குது, தங்கச்சி. மாவட்டம் தாண்டி ஏத்த ஏலாது எண்டு சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்.”

என் கணவர் பட்டியிலிருந்து வந்தார். “ரெண்டு நாம்பன் நிக்குது. ஒண்டு வளர்ந்தது, மற்றது பால்குடிக் கன்று. நல்ல உடம்பு. ஒருக்கா வந்து பாருங்கோ.”

“பாத்தா ஆசை வரும், தம்பி.” அவர் பட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

“சரி, அரை விலைக்கு எடுங்கோ.”

நானா தலையை ஆட்டினார்.

“அப்ப நீங்களே ஒரு விலையைச் சொல்லுங்கோவன்.”

“விலை இல்லைத் தம்பி. சும்மா தந்தாலும் எனக்குக் கொண்டுபோக இடமில்லை. கடையள் பூட்டிக் கிடக்கு. சனம் பயத்திலை இறைச்சி வாங்குதில்லை. லொறிக்குக் கட்டவேண்டிய காசும் எனக்குக் கழுத்திலை நிக்குது.”

தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார். விலை குறையும் என்று எதிர்பார்த்திருந்தோம். விலையே இல்லாமல் போகும் என்று என் புத்திக்கு எட்டியிருக்கவில்லை. தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்த்த உயிரைச் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? கணவர் படலையைச் சாத்திவிட்டு அதைப் பிடித்தபடியே நெடுநேரம் நின்றார்.

சில நாள் கழித்து, சேகரிப்பு நிலையத்தில் பால் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் திரும்பும்போது தெருவோரத்தில் ஒரு நாம்பன் கன்று தனியே நிற்கக் கண்டேன். கழுத்தில் கயிறில்லை. இடது காது நுனிவரை கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது. அந்த இடத்தில்தான் மாட்டுக்கு மஞ்சள் இலக்கத் தகடு குத்துவார்கள். அந்த இலக்கத்தைப் பார்த்தால் சொந்தக்காரர் யாரென்று தெரிந்துவிடும். முள்ளுக்கம்பியில் கிழிபட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் வந்து சொன்னபோது கணவர் சாப்பிட்டபடியே, “அது கம்பி கிழிச்சதில்லை. தகட்டைப் பிடுங்கிப்போட்டு அவிட்டு விட்டிருக்கிறாங்கள்” என்றார்.

“உயிரோடை இருக்கிறதை அப்பிடியே தெருவிலை விடுறதோ?”

அவர் கை கழுவ எழும்பினார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை நான் எழும்பிப் போனபோது எங்கள் சின்ன நாம்பன் கட்டையில் இல்லை. தாய்ப்பசு கயிற்றை இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டு நின்றது. பால் கறக்க உட்கார்ந்தால் அது பால் இறக்கவில்லை. மடி கல்லாக இருந்தது. நான் வளவெல்லாம் தேடினேன், வாய்க்கால் வரை போனேன். திரும்பி வந்தபோது கணவர் பட்டி வாசலில் குந்தியிருந்தார்.

“தேடாதை” என்றார். “விடியமுன்னம் லாண்ட்மாஸ்டரிலை ஏத்திக்கொண்டுபோய் காட்டுக்குளத்தடியிலை விட்டிட்டு வந்தனான்.”

இருபத்திரண்டு வருடம் இந்த மனிதனோடு வாழ்ந்திருக்கிறேன். கன்று ஈனும் பசுவுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்கிற மனிதன்.

“காது?” என்று கேட்டேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். “குறட்டாலை தகட்டை வெட்டத்தான் பாத்தனான். அது துள்ளினதிலை கிழிஞ்சுபோச்சு.” பிறகு, நான் கேளாமலே, “அது குடிக்கிற பாலை வித்தா மற்றதுகளுக்குத் தவிடு வாங்கலாம் எண்டு நினைச்சன்” என்றார்.

நான் அவரைத் திட்டவில்லை. “வெளிக்கிடுங்கோ” என்று மட்டும் சொன்னேன். அதே லாண்ட்மாஸ்டரில், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை அவர் ஓட்ட, பின்பெட்டியில் நான் ஏற, இருவரும் போனோம்.

குளத்தில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. அணைக்கட்டில் ஏறியதும் நான் கண்டதை எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை. எங்கள் கன்று மட்டும்தான் அங்கே நிற்கும் என்று போயிருந்தேன். கீழே காய்ந்த புல்லில் இருபதுக்கு மேல் நாம்பன் கன்றுகள் நின்றன. சில வளர்ந்தவை, சில இன்னும் பால் மறக்காதவை. அநேகமாக எல்லாவற்றுக்கும் காது கிழிந்திருந்தது. இரண்டு செத்துக் கிடந்தன. எங்கள் ஊரிலும் சுற்று ஊர்களிலும் மாடு வைத்திருக்கிற எத்தனையோ வீட்டார், ஒருவருக்கொருவர் சொல்லாமல், இதே இடத்துக்கு இதே வேலையாக வந்துபோயிருக்கிறார்கள். அவர்களோடு தினமும் பால் கொடுக்க வரிசையில் நிற்கிறேன். ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரிந்ததில்லை.

நான் குரல் கொடுத்தேன். எங்கள் கன்று ஓடி வந்து என் வயிற்றில் முட்டியது. அதன் பின்னால் மற்றக் கன்றுகளும் வந்தன. மனிசக் குரல் கேட்டால் தவிடு வரும் என்று பழகியவை. கணவர் எங்கள் கன்றைத் தூக்கிப் பெட்டியில் ஏற்றினார். மற்றவை சில்லைச் சுற்றி நின்று பெட்டிக்குள் தலையை நீட்டின. அவர் ஒரு தடியை முறித்து அவற்றை விரட்டினார். விரட்டிக்கொண்டே அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாய் கன்றை நக்கியது. பின்னேரம் பால் இறக்கியது.

மற்றக் கன்றுகளைப் பற்றி நாங்கள் யாரிடமும் முறையிடவில்லை. முறையிட எங்களுக்கு என்ன வாய் இருந்தது? கால்நடை வைத்தியரின் ஆட்கள் பிறகு போய்த் தடுப்பூசி போட்டதாகச் சொன்னார்கள். அதற்குள் எத்தனை மிஞ்சியிருந்தன என்று நான் கேட்கவில்லை.

தடை நீங்கிய பின் நானா வேறு ஒருவருடைய லொறியில் வந்தார். தன் லொறியை விற்றுவிட்டாராம். பழைய விலையில் பாதிக்கும் குறைவாகச் சொன்னார். என் கணவர் பேரம் பேசாமல், காது கிழிந்ததையும் சேர்த்து, இரண்டு நாம்பனையும் கொடுத்தார். நாங்கள் பசுக்களிலும் இரண்டை விற்றோம். கணவர் இப்போது பகலில் மேசன் வேலைக்குப் போகிறார்.

மிஞ்சிய மூன்றில் ஒன்று போன மாரியில் கன்று ஈன்றது. முன்பென்றால் கன்று விழுந்ததும் மூக்கைத் துடைத்து மூச்சு விடுகிறதா என்று பார்ப்போம். அன்று இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து முதலில் வாலைத் தூக்கிப் பார்த்தோம். பசுக்கன்று. எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அதன் பிறகுதான் கன்று இன்னும் மூச்செடுக்கத் தொடங்கவில்லை என்று கண்டேன். சளியை வழித்தெறிந்து, பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, முதுகில் தட்டினோம். கொஞ்சம் தாமதித்துத்தான் மூச்சு வந்தது. கணவர் ஈரக் கையோடு வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று இருவருக்குமே விளங்கவில்லை.