பாதி அறுந்த குலை

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு காட்சியைத் தினமும் பார்க்கலாம். எங்கள் ஊர் என்று இப்போது நான் சொல்வது ஸ்வீடனில் ஒரு ஏரியை ஒட்டியிருக்கும் சின்ன நகரம். நிறுத்தத்தில் நிற்கிற ஏழெட்டுப் பேரும் பேருந்து வரும் பக்கம் திரும்ப மாட்டார்கள். கண்ணை மூடி, முகத்தைச் சூரியனுக்குக் காட்டியபடி, பேச்சு மூச்சில்லாமல் நிற்பார்கள். வந்த புதிதில் ஏதோ கூட்டுப் பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றேன். ஐந்தாறு மாதம் இருட்டில் கிடந்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிட வெயில் எவ்வளவு பெரிது என்பது பிறகுதான் தெரிந்தது. பொள்ளாச்சிப் பக்கம், நான் பிறந்த கிணத்துக்கடவில் பங்குனி வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிய எனக்கு, வெயிலைத் தேடிப்போய் வாங்கிக்கொள்ளும் பழக்கம் இன்னும் வரவில்லை.

நான் பயந்த சுபாவக்காரன். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகு அது நோய் மாதிரி ஆகிவிட்டது. பெரியவள் யாழினிக்கு எட்டு வயது, சின்னவள் மேகலாவுக்கு ஐந்து. எல்லோரும் வசந்தம் வந்தது என்று கொண்டாடும்போது எனக்கு ஏரியின் மேலிருக்கும் பனிக்கட்டிதான் கண்ணுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க அதன் மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். வெயில் ஏற ஏற அது அடியில் கரைந்துகொண்டே வரும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. போன வருடம் பக்கத்து வீட்டு பிர்கிட்டா அம்மையாரிடம் போய், கட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும், எந்தப் பக்கம் முதலில் உடையும் என்றெல்லாம் கேட்டேன். இந்த மனிதனுக்குச் சறுக்க ஆசை, கேட்கக் கூச்சப்படுகிறான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். மறுநாள் காலையில் அவருடைய கணவரின் பழைய சறுக்குக் காலணிகள் எங்கள் வாசற்படியில் இருந்தன.

வேடிக்கை என்னவென்றால், நான் நீச்சல் கற்றது அறுபதடிக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா என்னை மேலிருந்து தள்ளிவிட்டபோது எனக்கு மேகலாவின் வயதுதான். அன்று நான் பயந்ததாக ஞாபகம் இல்லை. அப்பா பயந்தாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

இந்த வருடம் ஈஸ்டரை ஒட்டி வரும் போஸ்க்லோவ் என்ற பள்ளி விடுமுறைக்கு மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மனைவிக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. விடுப்புக் கிடைக்கவில்லை. கிணத்துக்கடவிலிருந்து சற்று உள்ளே, தென்னந்தோப்புக்கு நடுவில் அக்கா வீடு. அக்காவும் மச்சானும் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். காலையில் நான் இரண்டு பேருக்கும் தலை சீவிச் சடை போடுவதைப் பார்க்கவே அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள்.

"ஏனுங்க, அங்கெல்லாம் ஆம்பளைங்கதான் சடை பின்னுவாங்களா?" என்றார் ஒருவர்.

"எங்க ஊட்டுல நாந்தானுங்க," என்றேன். அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

போவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. நாயைத் தொடக் கூடாது. குப்பையிலும் கல் இடுக்கிலும் கை வைக்கக் கூடாது. பொள்ளாச்சி ரோட்டுக்குப் போனால் என் கையை விடக் கூடாது. இருவரும் விமானத்தில் அதைப் பாட்டுப் போல ஒப்பித்தார்கள். தென்னை மரத்தடியில் நிற்காதே என்று மட்டும் நான் சொல்லவே இல்லை. எனக்கு யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. மேலே பார்த்துவிட்டுத்தான் மரத்தடிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே வந்துவிடும். சொல்லிக்கொடுக்க வேண்டிய சங்கதி என்றே எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் போன நான்காம் நாள் தேங்காய் வெட்டு. வெட்டுக்காரர் ரங்கண்ணனும் இன்னும் நான்கு பேரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் கட்டிய தொரட்டியால், தரையில் நின்றபடியே குலைகளை இழுத்து அறுப்பார்கள். விழுந்த காய்களை டிராக்டரில் ஏற்றுவார்கள். இதையெல்லாம் மனைவிக்குக் காட்ட வேண்டுமென்று போனில் வீடியோ அழைப்புப் போட்டு வாசலில் நின்றிருந்தேன். யாழினி கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மேகலா அவள் பக்கத்தில் இருந்தாள். தோப்பில் மயில்கள் நிறைய. ஒரு பெண்மயில் வாசலைக் கடந்து போனதை மனைவிக்கு நான்தான் காட்டினேன். "மேகலா எங்கே, அவளையும் காட்டுங்கள்," என்று மனைவி கேட்டபோது திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் யாழினி மட்டும் இருந்தாள்.

"மயில் பின்னாடி போனா," என்றாள் யாழினி, தலையைத் தூக்காமல்.

சிக்னல் சரியில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன். பொய்தான். என் குரல் மாறுவதற்குள் துண்டித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

வீட்டைச் சுற்றி ஓடினேன். மாட்டுத் தொழுவத்தில் பார்த்தேன், மோட்டார் அறையில் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்த அக்கா கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டாள்.

"எங்கடா புள்ளை?"

"காணோம்க்கா."

அக்கா "மேகாக் கண்ணு... மேகாக் கண்ணூ..." என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். டிராக்டர் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் குரல் பத்து மரம் தாண்டியிருக்காது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருடைய காலும் கிணற்றுப் பக்கம்தான் திரும்பியது.

அந்தக் கிணற்றில் நான் எத்தனை ஆயிரம் முறை குதித்திருப்பேனோ தெரியாது. அன்று பத்தடி தள்ளி நின்றுவிட்டேன். மச்சான்தான் போய்ப் பார்த்தார். குழாய் இறக்கியிருக்கும் பக்கத்தில் சுவர் இடிந்து கிடக்கும், அங்கே குனிந்தார். அவர் உடம்பு விறைத்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அதன் பிறகு எப்படிப் போனேனோ, நானும் விளிம்பில் நின்றேன். பங்குனி என்பதால் தண்ணீர் வெகு கீழே கிடந்தது. அதில் பழுப்பாக, உருண்டையாக ஒன்று மெல்ல அசைந்தது. சத்தம் போட வாயைத் திறந்தேன்.

"நெத்துடா... தேங்கா நெத்து," என்றார் மச்சான். சொல்லிவிட்டும் அவருக்கு மனம் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். அவர் கீழே போய்க் கம்பை விட்டுத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தபோது டிராக்டர் நின்றது. அக்காவின் கூக்குரல் அப்போதுதான் வெட்டுக்காரர்களுக்கு எட்டியிருக்கிறது. இஞ்சின் ஓய்ந்த அமைதியில், தோப்பின் கிழக்குப் பக்கமிருந்து ஒரு பாட்டுக் கேட்டது. சின்னக் குரல். ஸ்வீடிஷ் மொழியில் ஒரு குழந்தைப் பாட்டு.

ஓடினேன். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று வழியில் கேட்டதற்கு, காய் பொறுக்கும் பெண் ஒருவர், "அதுங்களா? நொம்ப நேரமாப் பாடுதுங்க. ஆரோ போன்ல பாட்டு வெச்சுப்போட்டாங்கன்னு இருந்தேனுங்க," என்றார்.

மேகலா ஒரு தென்னையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை மரத்தில் வைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம் ரங்கண்ணன் அண்ணாந்து நின்றார். அவருடைய தொரட்டி மேலே ஒரு குலையின் காம்பில் மாட்டியிருந்தது. காம்பு பாதி அறுந்திருந்தது. மேலேயே பார்த்து வெட்டுகிறவருக்கு, இஞ்சின் சத்தத்தில், மரத்துக்குப் பின்னால் ஒரு குழந்தை நிற்பது தெரியவில்லை. பாட்டுக் கேட்டபோது கம்பை ஒரு இழுப்பு இழுத்து முடித்திருந்தார். இனிக் கம்பை எடுத்தாலும் குலை விழும், இழுத்தாலும் விழும். கம்பை மேல்நோக்கி முட்டுக்கொடுத்து, இரண்டு கையும் வெடவெடக்க நின்றிருந்தார்.

"அம்மணி, இந்தப் பக்கம் வா சாமி... மரத்த உட்டுப்போட்டு வா கண்ணு," என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் கூப்பிடக் கூப்பிட அவள் மரத்தை இன்னும் இறுக்கினாள். அவளைச் சுற்றி ஏற்கெனவே விழுந்த நான்கைந்து காய்கள் கிடந்தன. ஒன்று அவள் குதிகாலை ஒட்டிக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திச் சிரித்தாள். "அப்பா, நான் நகரவே இல்லை," என்றாள்.

"சத்தம் போடாம வந்து தூக்கிக்கிங்க," என்றார் ரங்கண்ணன், கண்ணைக் கீழே இறக்காமல். நான் அந்தக் குலைக்கு அடியில் போனேன். ஏழெட்டு அடி தூரம்தான் இருக்கும். போய், அவள் விரல்களை மரத்திலிருந்து பிரித்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தேன். "ஆச்சுங்க," என்று கத்தினேன். ரங்கண்ணன் கம்பை விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தார். அவள் நின்ற இடத்தில் குலை விழுந்த சத்தத்தில் தரை அதிர்ந்தது. ரங்கண்ணன் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அக்காவுக்குப் பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. "அஞ்சு வயசுப் புள்ளைக்கு மரத்தடியில நிக்கக் கூடாதுன்னு தெரியாதாடா? என்னத்தடா வளத்தி வெச்சிருக்கறே?"

எனக்கு முன்னால் யாழினி பதில் சொன்னாள். "அத்தை, அவ சரியாத்தான் செஞ்சா. காட்டுல தொலைஞ்சா ஒரு மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கணும். அங்கேயே நிக்கணும். பயமா இருந்தா பாடணும். தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாது. ஸ்கூல்ல எங்களுக்கு அதான் சொல்லிக் குடுத்தாங்க."

ஃபொர்ஸ்கூலா என்கிற அவர்களுடைய பாலர் பள்ளியிலிருந்து அப்படி ஒரு தாள் வந்தது உண்மைதான். பிள்ளைகளைப் பைன் காட்டுக்குக் கூட்டிப்போய், தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பழக்குவதாக எழுதியிருந்தார்கள். என்ன பொறுப்பான தேசம் என்று பெருமையோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு வார்த்தை பிசகாமல் கடைப்பிடித்த பிள்ளையை அந்தப் பாடமே கொல்லப் பார்த்தது. பாடத்தைக் குறை சொல்ல முடியாது. பைன் மரத்துக்கு எழுதிய பாடத்தைத் தென்னைக்கு நான்தான் திருத்திக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு மரத்தையும் அறிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

அன்று மாலை மேகலாவைக் கடைவீதியில் அத்தர் கடை பாயிடம் அழைத்துப் போனாள் அக்கா. பயந்த குழந்தைகளுக்கு அவர் ஓதி முகத்தில் ஊதிவிடுவார். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். பாய் மேகலாவின் கண்ணைப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார். "புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்குது," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இப்படி உக்காருங்க தம்பி." உட்கார்ந்தேன். அவர் ஊதிய காற்று நெற்றியில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மேகலா என் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

மனைவியிடம் நான் சொல்லவில்லை. ஸ்வீடன் திரும்பிய அன்று, விமான நிலையத்திலேயே, யாழினி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மனைவி மேகலாவைத் தூக்கிக்கொண்டு கார் வரை நடந்தாள். இரண்டு நாள் கழித்துத்தான், "இன்னொரு தடவை சிக்னல் இல்லை என்று சொல்லாதீர்கள்," என்றாள்.

மே மாதம் ஃபொர்ஸ்கூலாவில் பெற்றோரையும் காட்டுக்கு அழைத்திருந்தார்கள். தரையெல்லாம் வெள்ளைப் பூ. பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தேடி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார்கள். மேகலா மட்டும் ஒரு பைன் மரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, கழுத்து வலிக்கும் அளவுக்கு அண்ணாந்து பார்த்தாள். பிறகு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஆசிரியை சிரித்தபடி, "அணிலைத் தேடுகிறாளா?" என்று கேட்டார். கிணத்துக்கடவிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். எனக்கு அவ்வளவு மொழி இல்லை. "ஆமாம், அணில்," என்றேன்.

மேகலா என் பக்கம் திரும்பி, அக்கா வீட்டுப் பேச்சில், காடே கேட்கும்படி கத்தினாள்.

"காய் இல்லீங்கப்பா!"

அப்புறம்தான் அந்த மரத்தைக் கட்டிப் பிடித்தாள்.