விழுந்தவர் போட்ட கவசம்

மினுக்கு என்பது அவருக்குப் பட்டறையில் வைத்த பெயர். மோதி நசுங்கி வரும் கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிப்பது அவர் வேலையாக இருந்தது. மற்றவர்கள் நசுங்கிய கதவைச் சரிசெய்துவிட்டுக் கை கழுவப் போவார்கள். இவர் நசுங்காத கதவையும் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். தன் கார் எதுவென்று தெரியாமல் பக்கத்துக் காரில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்த சொந்தக்காரர்களைப் பட்டறையே பார்த்திருக்கிறது.

இப்போது வீட்டுக் கார் ஷெட்டில் சினிமாக் கவசம் செய்கிறார். ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடு காட்டி வளைத்து, பசை போட்டு ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்தால் இரும்பென்று சத்தியம் செய்யலாம். தூக்கினால் தலையணை கனம்கூட இருக்காது. படப் பைத்தியங்கள் வாங்கி மாட்டிக்கொண்டு விழாக்களில் திரிவார்கள். ஒருமுறை ஒருவர் போரில் அடிபட்டது போலப் பழசாக வேண்டும் என்று கேட்டார். மினுக்கும் கீறல் கீறலாகப் போட்டு வைத்தார். ஆனால் கை சும்மா இருந்தால்தானே? கொடுப்பதற்கு முன்னால் எல்லாக் கீறலிலும் பட்டி பூசித் தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டார். வந்தவர் கவசத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இவரு போருக்குப் போனாரா, கல்யாணத்துக்குப் போனாரா?"

அந்தக் கவசம் இன்னும் ஷெட்டில்தான் தொங்குகிறது.

வீட்டில் மூன்றே பேர். மினுக்கு, அவர் மனைவி, மனைவியின் அம்மா. அத்தைக்கு இதயத்தில் அடைப்பு வந்து, அதை எடுத்த பிறகு மகள் கையோடு இங்கே கூட்டிவந்துவிட்டாள். நன்றாக நடக்கலாம், படி ஏறலாம், பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அதில் 'பார்த்துக்கொள்ளுங்கள்' மட்டும்தான் மகள் காதில் விழுந்தது. அம்மா குனிந்து செருப்பை எடுத்தால் கத்துவாள். அம்மா மத்தியானம் கண்ணயர்ந்தால் வாசற்படியில் நின்று நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போவாள், மறுபடி வருவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஆம்புலன்ஸில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் அவள்.

இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கப்பட்ட அத்தை யார் தெரியுமா? ஒரு காலத்தில் கதாநாயகிகளுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழுந்தவர். மாடியிலிருந்து குதித்தவர். படத்தில் முகம் தெரியாது, பெயர் வராது. அவர் செய்ததிலேயே பெரியது ஒரு ராணிப் படம். கோட்டைச் சுவரில் நடக்கும் அந்தச் சண்டையைப் பார்க்காதவர்கள் குறைவு. உடம்பு நன்றாக இருந்த நாட்களில் அத்தை அந்தக் கதைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்.

"மாஸ்டர் கட் சொல்ற வரைக்கும் செத்தவ செத்தவதான், மாப்பிள்ளை. எறும்பு கடிச்சாலும் அசையக் கூடாது. அசைஞ்சா இன்னொரு தடவை விழணும்."

அந்தச் சண்டை மாஸ்டர்தான் ஒருநாள் போன் செய்தார். பழைய சண்டைக் கலைஞர்கள் எல்லோரும் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள், ஒவ்வொருவரும் தாங்கள் போட்ட உடை ஒன்றைப் போட்டுக்கொண்டு வரவேண்டுமாம். போனை வைத்த அத்தையின் முகத்தில் நெடுநாள் கழித்து வெளிச்சம் தெரிந்தது. மகள் அதை உடனே அணைத்தாள்.

"நீ போகல. கூட்டத்துல நிப்ப, படி ஏறுவ, எவனாவது ஒரு தடவ விழுந்து காட்டும்பான், நீயும் விழுவ. எனக்கு இன்னொரு ஆம்புலன்ஸ் தாங்காதும்மா."

அத்தை எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் தேவலை. சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாட்கள் போகப் போகக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் என்றாகிவிட்டது. அடைப்பை எடுத்த பிறகும் இப்படி ஒரு மனுஷி சுருங்கிப் போவதை மினுக்கால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கவசம் நான் செஞ்சு தர்றேன், அத்தை. போறதும் போகாததும் அப்புறம். வீட்டுலயாவது போட்டுப் பாருங்க."

ராணியின் கவசம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. போஸ்டரைப் பார்த்துப் பார்த்து எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறார். கைப்பிடிக்குள் அடங்கும் இடுப்பு, தங்கப் பூண் போட்ட தோள், கண் கூசும் மார்புத் தகடு. இது சொந்த அத்தைக்கு என்பதால் இன்னும் இரண்டு பூச்சுக் கூடுதல். ஷெட்டுக்கு அழைத்துவந்து துணியை விலக்கிக் காட்டினார். அத்தை மார்புத் தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அழகா இருக்கு, மாப்பிள்ளை."

அந்த 'அழகா'வில் ஏதோ இடித்தது. போட்டுப் பார்த்தபோது என்னவென்று தெரிந்தது. இடுப்புப் பட்டை சேரவில்லை. கையைத் தூக்கினால் தோள்தகடு காதில் முட்டியது.

"உடம்பு கொஞ்சம் போட்டிருக்கீங்க போல..." என்று மினுக்கு இழுத்தார்.

"எப்பவும் இந்த இடுப்புதான். இது நின்னவங்க போட்டது. நான் போட்டது விழுறதுக்குன்னு செஞ்சது."

போனில் அந்தச் சண்டையைப் போடச் சொன்னார் அத்தை. விரலை வைத்து நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

"இது ஹீரோயின். இது நான். இதுவும் நான். இப்ப அவங்க. பளபளன்னு இருந்தா அவங்க, மங்கலா இருந்தா நான்."

மினுக்கு மூக்கை போனில் இடிக்காத குறையாகக் குனிந்தார். உண்மைதான். வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ராணிக்கு ஒரு கவசம், சுவரில் ஓடும் ராணிக்கு வேறு கவசம். இரண்டாவதற்கு இடுப்பே இல்லை, பீப்பாய் மாதிரி நேராக இருந்தது. உள்ளே பஞ்சு மெத்தை கட்ட இடம் வேண்டுமே. கை வீச அக்குளில் பெரிதாக வெட்டியிருந்தார்கள். விலாப் பக்கம் வெள்ளிப் பூச்சு உரிந்து சாம்பலாகத் தெரிந்தது. எத்தனை முறை பார்த்த சண்டை! அதில் அத்தையை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மனசுக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

இரண்டாவது கவசம் தொடங்கினார். நேர் உடம்பு, வெட்டிய அக்குள், பின்னால் எலாஸ்டிக் பட்டை. வெள்ளியை அடித்து, காய்வதற்குள் துணியால் பாதியைத் துடைத்து எடுத்தார். நசுங்கல்தான் வழிக்கு வரவில்லை. வாழ்நாள் முழுக்க நசுங்கலை எடுத்தவருக்கு நசுங்கல் வைக்கத் தெரியவில்லை. சுத்தியலால் அடித்தார், ஃபோம் ஒன்றும் நடக்காதது போல எழும்பி வந்தது. கடைசியில் சூடு காட்டிக் கரண்டி முதுகால் அழுத்தினால் பள்ளம் நின்றது. பழக்க தோஷம், அளவு பார்த்து இடமும் வலமும் ஒரே சீராக அழுத்திவைத்தார். அத்தை கவசத்தைப் போட்டுக்கொண்டு பார்த்தார், சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பட்டன் வச்சுத் தச்ச மாதிரில்ல இருக்கு! விழுந்தா இப்படியா நசுங்கும்? தள்ளுங்க, எங்க படும்னு காட்டுறேன்."

"வேணாம் அத்தை, உங்க பொண்ணு என்னை..."

சொல்லி முடிப்பதற்குள் அத்தை விழுந்துவிட்டார். வெட்டி மிஞ்சிய ஃபோம் ஷீட்டுகளை அடுக்கிவைத்திருந்த மூலையில் முட்டி மடங்கி, தோள் பட்டு, விலா பட்டு, உருண்டு தரைக்கு வந்து, தொப்பென்று ஒரு சத்தம். சமையலறையிலிருந்து மகள் கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

அம்மா தரையில் கிடந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஒரு கை உடம்புக்கு அடியில். கண் மூடியிருந்தது.

"அம்மா! அம்மா! ஐயோ, என்னங்க, மூச்சு இருக்கான்னு பாருங்க!"

பார்ப்பது எப்படி? நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பழக்கம். இங்கே நெஞ்சுக்கு மேல் கவசம். மினுக்கு ஒட்டி ஒட்டி உறுதியாக்கிய கவசம், இம்மிகூட அசையவில்லை. நானே செய்து, நானே மாட்டிவிட்டு, நானே இவரைக் கொன்றுவிட்டேன் என்று மினுக்கு நினைத்தார். அப்போதுதான் அத்தை சொன்ன எறும்பு நினைவுக்கு வந்தது.

"கட்," என்றார். பிறகு கத்தினார். "கட்! கட்!"

அத்தை கண்ணைத் திறந்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் சொல்லக் கூடாதா, மாப்பிள்ளை? கை மரத்துப்போச்சு."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவில் திட்டினாள், திட்டுக்கு நடுவில் அம்மாவின் கையைத் தடவினாள். மினுக்குக்கும் பங்கு கிடைத்தது, கொஞ்சநஞ்சமல்ல. அத்தைக்கு இப்போதுதான் தான் செய்தது உறைத்தது.

"நீ வந்தது கேட்டுச்சுடி. கண்ணத் தொறக்க வரல, அவ்வளவு பழக்கம். தப்புதான்." மகள் முகத்தைத் துடைத்துவிட்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன். உன்னைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போயி விழுவேன். சாயந்தரம் எந்திரிச்சு வந்து உனக்குத் தல வாரி விடுவேன். நான் விழுந்தத நீ பாத்ததே இல்ல. படுத்ததத்தான் பாத்திருக்க."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராக டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, தோள், விலா, முட்டி எல்லாம் அழுத்திப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"படி ஏறலாமா டாக்டர்?"

"ஏறலாம்னு அன்னைக்கே சொன்னேனேம்மா. விழுறத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் மகள் விட்ட மூச்சு ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டிருக்கும். காரில் ஏறும்போது, "மண்டபத்துக்கு நானும் வருவேன்," என்றாள்.

அத்தை விழுந்ததில் கவசத்தின் இடது விலாவில் பூச்சு கோணல்மாணலாக உரிந்திருந்தது. தரையில் இழுபட்ட நீளக் கீறலும் இருந்தது. மினுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை பட்டி டப்பா பக்கம் போகும். போன கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார்.

மண்டபத்துப் படியில் மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறத் தொடங்கினாள். பாதியில் மாஸ்டர் மேலிருந்து கூப்பிட்டதும் அம்மா கையை உருவிக்கொண்டு போய்விட்டார். மகள் பின்னாலேயே ஓடவில்லை. தோளில் கை போட்டு, பழைய விழுப்புண்களைக் காட்டிக் காட்டிச் சிரித்த அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அம்மா உரக்கச் சிரிப்பதைக் அதே படியில் நின்று பார்த்தாள்.

எல்லோரையும் வரிசையாக நிறுத்திய போட்டோக்காரர் அத்தையின் முன் வந்து கண்ணைச் சுருக்கினார்.

"அம்மா, இடது பக்கம் ஏதோ அழுக்கு. போஸ்டர்ல பளிச்சுன்னு இருக்குமே. துணி இருந்தா துடைச்சு விடுங்களேன்."

மினுக்கின் பாக்கெட்டில் துணி எப்போதும் இருக்கும்.

"தொடாதீங்க," என்றார் மினுக்கு. "அது எங்க அத்தை விழுந்த இடம்."

திரும்பி வரும்போது அத்தை கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். முன் சீட்டிலிருந்து மகள் பழக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"குறட்டையப் பாருங்க," என்று சிரித்துவிட்டு முன்னால் திரும்பினாள். வீடு வரும்வரை மறுபடி திரும்பவே இல்லை.