நான் நெடுந்தீவில் நிண்டதுக்கு அத்தாட்சி

அந்த மின்னஞ்சலைப் படிச்சவுடன வந்த கோபத்தில, கையில இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எங்க வைச்சனான் எண்டே எனக்குத் தெரியாது. பேந்து மனிசிதான் அதைக் கோழிக்கூட்டுக்கு மேல கண்டெடுத்தவ. மரியாதையான கடிதம்தான். பங்குனி மாதம் இரண்டு நாள் நெடுந்தீவில இருந்து வானொலியில பேசினதாச் சொல்லுறீங்கள், நீங்கள் உண்மையில அந்தத் தீவிலதான் இருந்தீங்கள் எண்டதுக்கு ஏதாவது அத்தாட்சி அனுப்ப முடியுமோ எண்டு கேட்டிருந்தது.

நான் பிறந்ததே நெடுந்தீவில. நடை பழகினதும், கல்வேலியில ஏறி விழுந்து முன்பல்லை உடைச்சதும் அங்கதான். ஐரோப்பாவில எங்கயோ ஒரு மேசையில இருக்கிற மனிசன், நீ அங்க நிண்டனியோ எண்டு என்னட்டக் கேட்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்?

விசயம் தெரியாதவைக்குச் சொல்லவேணும். நான் நெடுந்தீவை விட்டு வந்து, சுருவிலில கலியாணம் கட்டி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில கணிதம் படிப்பிக்கிறவன். மற்ற ஆம்பிளையள் பின்னேரத்தில கரப்பந்தாட்டம் பார்க்கப் போகேக்க, நான் இரண்டு பனைக்கு நடுவில செம்புக் கம்பி கட்டி, உலகத்தின்ர மற்றப் பக்கத்தில இருக்கிறவையோட கதைக்கிறனான். அமெச்சூர் வானொலி எண்டு பேர். சோதினை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்துத்தான் செய்யிறன். எங்களுக்குள்ள ஒரு விசர் இருக்கு. எத்தினை தீவோட கதைச்சனான் எண்டு சேர்க்கிறது. கதைச்சால் மட்டும் காணாது. இரண்டு பக்கமும் எழுதிவைச்சு, ஓம், உம்மோட கதைச்சனான் எண்டு ஒரு அட்டை அனுப்பி உறுதிப்படுத்தவேணும். வானொலிக்காரர் அதிகம் போகாத தீவெண்டால், கதைச்சவன் மெய்யாவே அங்க நிண்டவனோ எண்டு பார்க்கவும் ஒரு ஆள் இருக்கிறார். சிலபேர் வீட்டுக் கதிரையில இருந்துகொண்டே நான் இன்ன தீவில நிக்கிறன் எண்டு அவிழ்த்து விடுறவை. அதால சட்டம் நியாயமான சட்டம்தான். எனக்கெண்டு வரேக்கதான் அது நியாயமாத் தெரியேல்ல.

அத்தாட்சிக்கு எங்க போறது? நெடுந்தீவுக்குப் படகேறுற குறிகட்டுவான் துறையில லோஞ்சுக்காரன் காசை வாங்கிச் சட்டைப்பைக்குள்ள வைச்சவனே ஒழிய ரிக்கற் தரேல்ல. அங்க என்ர வானொலிப் பெட்டியைத் திறந்து, அனுமதிப்பத்திரத்தை முன்னும் பின்னும் பிரட்டிப் பார்த்த கடற்படைப் பெடியன் வேற இடத்துக்கு மாறிப் போயிட்டான். படம்? ஒரு படம் இல்லை. ஏனெண்டால் அந்த இரண்டு நாளும் நான் போனை நிப்பாட்டி வைச்சிருந்தனான். போன் சார்ஜர், இந்தப் புது வெள்ளை பல்பு எல்லாம் வானொலிக்குள்ள ஒரு இரைச்சலைக் கொண்டுவரும். தூரத்துச் சத்தம் அதுக்குள்ள தாண்டு போகும். தீவில இருக்கிற அக்கா வீட்டிலதான் பெட்டியை வைச்சனான். போன உடனயே அவவின்ர சார்ஜரையும் சுவரில இருந்து கழட்டி, பல்பையும் நிப்பாட்டி, பொழுதுபட அரிக்கன் லாம்பைக் கொளுத்தச் சொன்னனான். என்ன கெட்டித்தனம் எண்டு அப்ப என்னை நானே மெச்சினனான்.

அந்த இரண்டு நாளும் என்னோட கதைச்ச மற்ற ஆக்களெண்டால், சரி போகட்டும் எண்டு விட்டிருப்பன். வட அத்திலாந்திக் கடலில, வரைபடத்தில தேடிப் பிடிக்கவேண்டிய ஒரு தீவில, ஆடு வளர்க்கிற கிழவர் ஒருத்தர்தான் என்னை விடேல்ல. இளந்தாரியா இருந்த காலம் தொடக்கம் தீவு சேர்க்கிறவர். அவருக்கு மிச்சமிருந்தது எங்கட தீவு மட்டும்தான். இரண்டாம் நாள் பொழுதுபடுகிற நேரம், கொசு காதுக்குள்ள இரையிற மாதிரி அவற்ற சத்தம் வந்தது. மூண்டுதரம் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் பிடிச்சனான். பிறகு அவர் மின்னஞ்சல் போட்டார். மகளோட இருக்க நகரத்துக்குப் போறாராம், மாடிவீடாம், அங்க கம்பி கட்ட ஏலாதாம். அவரோட இனித் திரும்பவும் கதைக்கலாம் எண்ட பேச்சுக்கே இடமில்லை. நான் அத்தாட்சி குடுக்காட்டில் அந்த மனிசன் ஆயுள் முழுக்கச் சேர்த்தது ஒண்டு குறையத்தான் நிக்கும்.

இதையெல்லாம் அத்தாட்சி கேட்டவருக்கு எழுதினன். தங்கின வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதும், மாத முடிவுக்குள்ள அனுப்புங்கோ எண்டு பதில் வந்தது. அப்பாடா எண்டிருந்தது. அக்காதானே, ஒரு கையெழுத்துத்தானே. ஆங்கிலத்தில கடிதத்தை அடிச்சு, பிளாஸ்ரிக் பைக்குள்ள போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன்.

ஆடி மாதம். கடலைக் கொந்தளிக்க வைக்கிற சோளகக் காத்து. குறிகட்டுவானில பஸ்ஸால இறங்கினால் லோஞ்சு ஓடாது எண்டினம். அடுத்த நாளும் போனன், அண்டைக்கும் ஓடாது. துறையில நிண்டு கடலைப் பார்க்கிறதும், மணிக்கூட்டைப் பார்க்கிறதும், தேத்தண்ணிக் கடையில போய்க் குந்துறதும், திரும்பவும் எழும்பி வாறதும். அண்ணை, நீங்கள் நடந்தால் காத்து நிக்குமோ எண்டு கடைக்காரன் நக்கலடிச்சவன். வீட்டை போனால் மனிசி, உங்களுக்கு விசரே, பேசாமல் இருங்கோவன் எண்டு பேசினவ. இருக்க ஏலாது. அந்தரம் எண்டால் அப்பிடி ஒரு அந்தரம். மூண்டாம் நாள் ஒரு லோஞ்சு துணிஞ்சு வெளிக்கிட்டது. உடுப்பு முழுக்கத் தோய்ஞ்சு, குடல் வாய்க்கு வந்து, ஒருமாதிரி நெடுந்தீவில போய் இறங்கினன்.

அக்கா மாட்டுக்குத் தண்ணி வைச்சுக்கொண்டு நிண்டவ. அத்தான் செத்தபிறகும் தீவை விட்டு அசையாத ஆள். ஒரே மகள் கனடாவில. இந்தக் காத்துக்குள்ள ஏன் வந்தனீ எண்டு முகமெல்லாம் சிரிப்பாக் கேட்டவ. அவ தந்த தண்ணியைக் குடிச்சு முடிக்க முதலே நான் கடிதத்தை எடுத்து விளக்கம் சொல்லத் தொடங்கிட்டன். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கினது.

"நான் போடமாட்டன்."

பகிடி எண்டு நினைச்சன். "ஏனக்கா? நான் இஞ்ச நிண்டனான்தானே?"

"நீ எங்கையடா நிண்டனீ? உன்ர பெட்டிதான் இஞ்ச நிண்டது."

அப்பிடியே வாளியைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. எனக்கு வந்த ஆத்திரத்தில, அடுத்த லோஞ்சிலயே திரும்பிப் போறன் எண்டு துறைக்கு நடந்தன். அடுத்த லோஞ்சு எங்க? காத்து இன்னும் கூடிப்போச்சு. திரும்பி வந்தன். குசினி வாசலில எனக்கு மூடி வைச்ச சோறு இருந்தது. சாப்பாட்டில ஒரு குறையும் விடேல்ல, கதை மட்டும் இல்லை.

மறுநாளும் காத்து விடேல்ல. செய்யிறதுக்கு ஒண்டுமில்லை, இருக்கவும் மனமில்லை. கல்வேலியில சரிஞ்ச இடத்தை அடுக்கப் போய், இன்னும் கொஞ்சத்தைச் சரிச்சு விட்டன். மாடுகள்கூட என்னை ஒருமாதிரித்தான் பார்த்தது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத முடிவுக்கு எத்தினை நாள் எண்டு விரலில எண்ணுறதும், அக்காவின்ர முகத்தைப் பார்க்கிறதும்தான் வேலை.

பின்னேரம் அக்காவின்ர போன் அடிச்சது. கனடாவில இருந்து மகள், முகம் பார்த்துக் கதைக்கிறாள். மடியில அவளின்ர மூத்தது, பிறந்து சில மாதம். மாமாவும் நிக்கிறாரோ எண்டு சந்தோசப்பட்டு, போனை என்னட்டக் குடுக்கச் சொன்னாள். நானும் கதைக்கவேணுமே எண்டு, பெடியன்ர பிறந்தநாள் எப்ப பிள்ளை எண்டு கேட்டன்.

"என்ன மாமா, நீங்கள் பங்குனியில அங்க வந்து நிண்டீங்களெல்லே, அண்டைக்குத்தான். அம்மான்ர போன்தான் வேலை செய்யேல்ல."

நான் நெடுந்தீவில நிண்டதை முதன்முதலா ஒரு ஆள் உறுதிப்படுத்தினாள். பிள்ளை பிறந்தது தெரியும், மனிசி சொல்லி வாழ்த்தும் அனுப்பினனான். எண்டைக்கு எண்டு நான் கேட்கேல்ல, அக்காவும் சொல்லேல்ல.

போனை வைச்சபிறகு அக்காதான் கதைச்சவ. சத்தம் போடேல்ல, மாட்டுக்கயிறைத் திரிச்சுக்கொண்டே சொன்னவ.

"சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக முதல் என்னோட ஒருக்காக் கதைக்கவேணும் எண்டு எடுத்தவளாம். எத்தினை தரம் எடுத்தவளோ. சார்ஜரைக் குத்தட்டோ எண்டு கேட்க இரண்டு தரம் வாசலில வந்து நிண்டனான். நீ காதில உந்த ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, சத்தம் போடாதை எண்டு கையைக் காட்டினனீ."

கையைக் காட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. ஆருக்குக் காட்டினனான் எண்டுதான் ஞாபகம் இல்லை. வெக்கமாக் கிடந்தது. என்ர செத்தவீட்டு மூஞ்சையைப் பார்த்திட்டு, போய் முகத்தைக் கழுவு எண்டவ.

அடுத்த நாள் விடியக் காத்து விழுந்தது. லோஞ்சு ஓடுமெண்டு ரோட்டால போனவன் சொன்னான். கடிதத்தைப் பற்றி நான் வாய் திறக்கேல்ல, பையோட உள்ளுக்குள்ள வைச்சுக் கட்டிட்டன். கோப்பியைத் தந்துபோட்டு அக்காவாத்தான் கேட்டவ.

"ஆருக்கடா உந்தக் கடிதம்?"

கிழவரைப் பற்றிச் சொன்னன். ஆடு வளர்க்கிறதையும், மகளிட்டப் போறதையும் சொன்னன்.

"தன்ர தீவை விட்டிட்டுப் போறாரோ?"

"ஓம்."

"ஆட்டை என்ன செய்வார்?"

எனக்குத் தெரியாது எண்டன். அதை ஏன் நீ கேட்கேல்ல எண்டமாதிரி என்னைப் பார்த்தவ. பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னவ. எழுதியிருக்கிறதை ஒரு சொல்லும் விடாமல் தமிழில சொல்லு எண்டவ. சொன்னன். இவர் என் தம்பி, இன்ன இரண்டு நாளும் நெடுந்தீவில் என்னோடு தங்கியிருந்தார் எண்டு வாசிக்க, நிப்பாட்டினவ.

"என்னோட எண்டதை வெட்டு. என்ர வீட்டில எண்டு போடு."

வெட்டினன். மேல சின்னனா எழுதினன். அக்கா கண்ணாடியைப் போட்டு, வெட்டின இடத்தை ஒருக்கா உத்துப் பார்த்திட்டு, ஆறுதலாக் கையெழுத்துப் போட்டவ.

மாதம் முடிய முதல் கடிதம் போய்ச் சேர்ந்தது. தடங்கலுக்கு வருந்துகிறோம், அத்தாட்சி ஏற்றுக்கொள்ளப்பட்டது எண்டு பதில் வந்தது. கிழவருக்கு அட்டையும் போனது, வீடு மாற முதல் கையில கிடைச்சுதாம், சந்தோசத்தில நீளமா எழுதியிருந்தார். ஆடுகளை என்ன செய்தவர் எண்டு நான் கேட்டு எழுதினன். ஒரு சொல்லு வெட்டிக் கிடந்ததைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் கேட்கேல்ல.