சித்தப்பா மாட்டிய கேஸ் ஹீட்டர்

எங்கள் வீட்டில் சந்தேகப்படுவதற்கு யாருக்கும் காரணம் தேவைப்பட்டதில்லை. பால் பவுடர் குறைந்தால் அம்மாவுக்கு என் மேல் சந்தேகம். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தால் கேஸ்காரன் மேல். ஊரிலிருந்து போன் வந்தால் போதும், எடுப்பதற்கு முன்பே அப்பாவின் முகம் சுருங்கிவிடும், என்ன கேட்கப் போகிறார்களோ என்று. இப்படிப்பட்ட வீட்டில்தான் சித்தப்பா விசிட் விசாவில் வந்து இறங்கினார், பாவம். அதுவும் ஆகஸ்ட் மாதத்தில்.

நாங்கள் அப்போது அஜ்மானில் ஒரு பழைய வில்லாவின் பின்பக்கத்தில் குடியிருந்தோம். அப்பா ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சித்தப்பா அவருடைய ஒரே தம்பி. சிவகங்கைப் பக்கம் பிளம்பர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அப்பாவின் கம்பெனிக்கு எந்நேரமும் பிளம்பர்கள் தேவைப்பட்டார்கள். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் சித்தப்பாவுக்கு வேலையும் விசாவும் கிடைத்துவிடும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அப்பாவுக்கு வாய் வரவில்லை. ஊரில் இவன் ஒழுங்காக வேலை பார்த்தானா, யார் கண்டது? சிபாரிசு செய்துவிட்டு நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் தன் வேலைக்கல்லவா வேட்டு! “மொதல்ல நம்ம வீட்ல செஞ்சு காட்டட்டும்” என்று அம்மாவிடம் சொன்னார்.

செய்து காட்ட ஒரு வேலையும் இருந்தது. குளிர்காலம் வருமுன் குளிக்கச் சுடுதண்ணீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த வீட்டில் கரண்ட் ஹீட்டர் போட்டால் ஃப்யூஸ் போய்விடும். அதனால் சித்தப்பா பழைய சாமான் கடையில் ஒரு கேஸ் ஹீட்டரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை ஒரு பைப்பில் வாங்கி, உள்ளே தீயில் காய்ச்சி, இன்னொரு பைப்பு வழியாகக் குளியலறைக்கு அனுப்புகிற டப்பா அது. தண்ணீர் ஓடினால் தீ தானாகப் பற்ற வேண்டும். முன்பு குடியிருந்தவர்கள் தங்கள் ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போயிருந்ததால், சமையலறைச் சுவரில் மூடி போட்ட இரண்டு பைப்பு முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. எது தொட்டியிலிருந்து வருவது, எது குளியலறைக்குப் போவது என்று தெரியவில்லை.

திறந்து பார்த்துவிடலாம் என்றார் சித்தப்பா. அம்மா விடவில்லை, கீழே அரிசி மூட்டை இருக்கிறதாம். அப்பா எரிச்சலோடு வந்து இரண்டு பைப்பிலும் கை வைத்தார். ஒன்று சுட்டது. இன்னொன்று சுடவில்லை.

“சுடுறது சுடுதண்ணிப் பைப்பு, சுடாதது பச்சத்தண்ணிப் பைப்பு. இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?”

“இல்லண்ணே, எதுக்கும் ஒரு தடவை...”

“நான் இத்தன வருசமா இந்த ஊர்த் தண்ணியில குளிக்கிறேன்டா. நீ நேத்து வந்தவன்.”

சித்தப்பா அண்ணன் சொன்னபடியே மாட்டினார். நான் வாசற்படியில் நின்று பிஸ்கட் தின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷவரைத் திறந்தால் கையைப் பொசுக்குகிற தண்ணீர். ஆனால் டப்பாவுக்குள் தீயைக் காணோம். தண்ணீர் ஏற்கெனவே கொதிக்கிறதே, அதுதான் பற்றவில்லை, விவரமான மெஷின் என்றார் சித்தப்பா. அவரும் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அப்பா நம்பவில்லை. ஆகஸ்டில் அங்கே எந்தக் குழாயைத் திறந்தாலும் சுடுதண்ணீர்தான். மாடித் தொட்டி வெயிலில் வெந்துகொண்டிருக்கும். “குளிர் வரட்டும். சுடுதண்ணி வந்தா மேனேஜர்ட்ட பேசுறேன்” என்று முடித்துவிட்டார். சித்தப்பாவின் பிழைப்பு அந்த டப்பாவில் மாட்டிக்கொண்டது.

விசா முடிந்து, சித்தப்பா புது விசாவுக்காக எல்லாரும் போய்க் கிடக்கிற ஈரானின் கீஷ் தீவுக்குப் போய்க் காத்திருந்து, மறுபடி விசிட்டில் திரும்பி வந்தார். ஊரே வெயில் எப்போது தணியும் என்று கேட்டது; அவர் மட்டும் தினமும் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தார். அம்மாவுக்கு மீன் ஆய்ந்து கொடுத்தால், எதற்குக் காக்கா பிடிக்கிறான் என்பாள். கொடுக்காவிட்டால், உட்கார்ந்து தின்கிறான் என்பாள். அவரும் என்னதான் செய்வார்!

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா என் தலையில் ஊற்றிய தண்ணீருக்கு நான் போட்ட கூச்சலில் முன்பக்கத்துக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். ஹீட்டர் செத்த பிணம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கேஸ்காரன் காலி சிலிண்டரைத் தந்து ஏமாற்றிவிட்டான் என்றாள் அம்மா, அதே சிலிண்டரில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போதே. அப்பாவின் சந்தேகம் வேறு.

“நல்ல மெஷினை எங்கயோ தள்ளிவிட்டுட்டு ஓட்டை டப்பாவை மாட்டிட்டியாடா?”

கூடப் பிறந்தவனைப் பார்த்து எப்படித்தான் கேட்டாரோ! சித்தப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். பைப்புகளைத் தொட்டார். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவும் போய்த் தொட்டார். அன்றைக்குச் சுட்ட பைப்புதான் இன்றைக்கு ஐஸாக இருந்தது. ஆகஸ்ட் வெயிலில் வெந்த தொட்டித் தண்ணீர் வரும் பைப்பு அது. ஏசி ஓடும் வீட்டுக்குள்ளே சும்மா கிடந்த சுடுதண்ணிப் பைப்புதான் அன்று குளிர்ந்திருந்தது. இரண்டையும் மாற்றி மாட்டியதால் தண்ணீர் ஹீட்டருக்குள் பின்பக்கமாக ஓடியிருக்கிறது; தீ பற்றவே இல்லை. அப்பாவின் கை அந்தப் பைப்பைவிட்டு வெகுநேரம் நகரவில்லை.

சித்தப்பா இரண்டையும் கழற்றி மாற்றினார். என்னைக் குழாயைத் திறக்கச் சொன்னார். டப் என்று நீலத் தீ பற்றியது.

“என்னதான் கோளாறு?” என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தாள். அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்: “பைப்பை மாத்தி மாட்டிட்டேன் மதினி. என் தப்புதான்.”

அம்மா விடுவாளா? “பாத்தீங்களா உங்க தம்பி லட்சணத்த! இவனுக்காகவா மேனேஜர்ட்ட போயி நிக்கப் போறீங்க?”

அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார். சித்தப்பா ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு, ஊருக்கே போய்விடுகிறேன் என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டுப் பார்த்துச் சொன்னது அப்பா. நான் கண்ணால் பார்த்தவள். இந்த ஆள் அம்மாவின் முகத்துக்கு நேரே இப்படிப் புளுகுகிறாரே! இவர் நம்பத்தகுந்தவர் இல்லை என்று வீட்டில் இத்தனை மாதம் பேசிக்கொண்டது எவ்வளவு சரி! அம்மாவின் காதில் போய்ச் சொன்னேன், “சித்தப்பா பொய் சொல்றாரும்மா.”

“அவன் வாயில என்னைக்கு உண்மை வந்திருக்கு? போ, போய்த் தலையத் தொவட்டு” என்றாள். என்ன பொய் என்று கேட்கவே இல்லை. முதல் தடவையாக என் சந்தேகமும் வீட்டில் செல்லுபடியானதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா சித்தப்பாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தார். வந்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சமையலறையில் ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. கேஸ் தீர்ந்துவிடும் என்று அம்மா கதவைத் தட்டினாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்கவில்லை. சுடுதண்ணீரில் குளிப்பது அவ்வளவு சுகமா என்று நான் ஆச்சரியப்பட்டேன். கடைசியில் வெளியே வந்தபோது அவர் கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. சோப்பு பட்டுவிட்டது என்றார். அதை மட்டும் எங்கள் வீட்டில் யாருமே சந்தேகப்படவில்லை.