மூன்று பிரிவுக்கும் ஒரே டயானா

வக்கீலாக எனக்குப் பதினோரு வருட அனுபவம். இத்தனை காலத்தில் நான் நீதிபதி முன்னால் பேசியதை எல்லாம் எழுதிவைக்க ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். "சீனியர் வேறு கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறார், ஒரு வாய்தா வேண்டும்." அவ்வளவுதான். இதையே சிவில் கோர்ட்டில் சொன்னேன், குடும்ப கோர்ட்டில் சொன்னேன், விபத்து வழக்குகளில் சொன்னேன், நுகர்வோர் ஆணையத்திலும் போய்ச் சொன்னேன். அகலமான அனுபவம்தான், ஆழம் மட்டும் கணுக்கால் அளவு.

பட்டினப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு நான்தான் முதல் வக்கீல். மீன் மார்க்கெட்டில் யாராவது எடைக்குத் தகராறு செய்தால், "எம் பொண்ணு வக்கீலு, தெரியும்ல?" என்று அம்மா மிரட்டுவாள். நல்லவேளை, இதுவரை யாரும் கேஸ் போடவில்லை. போட்டிருந்தால் அம்மாவுக்கும் வாய்தாதான் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

என் சீனியருக்கு மயிலாப்பூரில் ஆபீஸ். தங்கமான மனிதர், ஆனால் எவ்வளவு சின்ன வழக்கானாலும் தானே வாதாட வேண்டும் அவருக்கு. "நீ பேப்பரை எடுத்துக் குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்பார். போன மார்ச்சில் பையனோடு இருக்கலாம் என்று அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். ஆபீசைக் காலி செய்தபோது என் பங்குக்கு வந்தது ஒரு மேசை ஃபேன்.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜுக்குத் தரமணியில் ஐ.டி. கம்பெனியில் வேலை. அங்கேயே ஓர் இடம் காலியாக இருந்தது. அமெரிக்கக் கடைகளின் வாடகை ஒப்பந்தங்களைப் படித்துத் தப்பு கண்டுபிடிக்க வேண்டும். நல்ல சம்பளம், ஏசி, ஆபீஸ் பஸ்.

"கோர்ட்டு கோர்ட்டுனு சுத்திக்கினு கீறியே, இன்னாத்த கண்ட? திங்கக்கெழம சேர்றியா இல்லியா, இப்பவே சொல்லு" என்றார்.

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அப்படி ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் வக்கீல் தொழிலை நிறுத்திவைப்பதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கறுப்புக் கோட்டைக் கழற்ற வேண்டும். ஒரு வழக்கில்கூட வாய் திறந்து வாதாடாமல் கழற்றுவதா என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு" என்றேன். வீட்டிலும் வாய்தா.

அந்த வாரம்தான் தி. நகரில் ஒரு பெரிய சட்ட நிறுவனம் விளம்பரம் கொடுத்திருந்தது. டிரேட்மார்க், இன்சூரன்ஸ், குடும்ப வழக்கு என்று மூன்று பிரிவுகளுக்கும் வக்கீல்கள் தேவை. மூன்றுக்கும் தனித்தனி ஈமெயில். மூன்றுக்கும் அனுப்பினேன். முதல் பயோடேட்டாவில் டிரேட்மார்க் என் உயிர். இரண்டாவதில் இன்சூரன்ஸ் என் மூச்சு. மூன்றாவதில் நான் பிறந்ததே பிரிந்த தம்பதிகளைச் சேர்த்துவைக்க. ஒரு பிரிவுக்கு வந்தது இன்னொரு பிரிவுக்குத் தெரியாது என்று நம்பினேன். ஒரே வீட்டில் அண்ணன் தம்பியே பேசிக்கொள்வதில்லை, வக்கீல்களா பேசிக்கொள்ளப்போகிறார்கள்?

பேசிக்கொண்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை இன்டர்வியூவுக்குள் நுழைந்தால் ஒரே மேசையில் மூன்று பேர், ஆளுக்கொரு டயானாவை, அதாவது என் பயோடேட்டாவை, கையில் வைத்துக்கொண்டு. நடுவில் நிறுவனத்தின் தலைவர் மாசிலாமணி. குடும்ப வழக்குகளும் அவர் பொறுப்பு. ஒரு பக்கம் இன்சூரன்ஸ் பார்க்கும் நதீம். இன்னொரு பக்கம் டிரேட்மார்க் பார்க்கும் ஷ்ரேயா. என்னைவிட வயதில் சின்னவர், சிரிப்பை அடக்கத் தெரியாதவர்.

"மேடம், உங்க உயிர் என்கிட்ட இருக்கு. மூச்சு நதீம் சார்கிட்ட இருக்கு. எதை முதல்ல எடுத்துக்கலாம்?" என்றார் ஷ்ரேயா.

மூளை நின்றாலும் பழக்கம் நிற்கவில்லை. எழுந்து நின்று, தலையைக் குனிந்து, "யுவர் ஆனர், பாஸ் ஓவர் ப்ளீஸ்" என்றேன். தயாராக இல்லாத வக்கீல், மற்ற வழக்குகள் முடிந்தபிறகு தன் வழக்கைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பது அது. மாசிலாமணி சாருக்கும் கோர்ட் பழக்கம் ஊறிப்போயிருக்க வேண்டும். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "சரி, அடுத்தது" என்றுவிட்டார். அவர் சுதாரிப்பதற்குள் நான் வெளியே இருந்தேன்.

ஓடிவிடலாம் என்றுதான் லிஃப்ட் வரை போனேன். உள்ளே கண்ணாடியில் கறுப்புக் கோட்டோடு ஒருத்தி திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தாள். இவளைத் தரமணிக்கு அனுப்ப மனசு வரவில்லை. திரும்பி வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தேன்.

எல்லாரும் போனபின் மறுபடி கூப்பிட்டார்கள். "சார், மூணு பயோடேட்டாவும் ரீல். எனக்கு வாய்தா வாங்க மட்டும்தான் தெரியும். ஆனா எந்தக் கோர்ட்லயும் வாங்குவேன்" என்றேன்.

மாசிலாமணி சார் சிரிக்கவில்லை. "அதுக்குத்தாம்மா எங்களுக்கு ஆளே இல்லை. மூணு பிரிவுக்கும் சேர்த்து நீங்களே ஓடுங்க. அடுத்த மாசம் சேர்ந்துடுங்க. வாதாடறதெல்லாம் ரெண்டு மூணு வருஷம் போகட்டும், பாத்துக்கலாம்."

வேலை கிடைத்துவிட்டது. கோட்டும் மிஞ்சிவிட்டது. புத்தியுள்ளவள் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பாள். நான் எங்கே கட்டினேன்?

"ஆட்சேபிக்கிறேன் சார்" என்றேன். "பதினோரு வருஷமா இதே வாய்தாதான். ஒத்திவைக்க நீங்க காரணம் எதுவும் சொல்லலை. இன்னும் தள்ளிப்போட்டா நஷ்டம் எனக்கு மட்டும்தான். இனிமே ஒரு நாள்கூடத் தரக் கூடாது."

ஷ்ரேயாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஒரு வாய்தாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

மாசிலாமணி சார் அலமாரியிலிருந்து ஓர் ஒல்லியான ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒரு தையல்கடையோட வாடகை கேஸ். எந்தப் பிரிவுலயும் சேராது. செவ்வாய்க்கிழமை வாதம். ஜெயிக்காதுன்னு கட்சிக்காரருக்கே தெரியும், தன் பக்கத்தை யாராவது எடுத்துச் சொன்னாப் போதும்ங்கறார். தோத்துடுவீங்க, பரவாயில்லையா?"

"பரவாயில்லை சார்" என்று ஃபைலை எடுத்துக்கொண்டேன். "தோக்கறதையாவது நானே தோத்துக்கறேன்."