பாட்டுக்கென்று தனியாக ஒரு டிஸ்க்

கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு செய்யும் தொழிலில் பாடுகிறவர்களால் வரும் தொல்லை குறைவு. பாட்டை எதில் சேமிப்பது என்று கருத்துச் சொல்கிறவர்களால் வருவதுதான் ஜாஸ்தி. நீங்களும் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்காக நாலு பேரிடம் மன்றாடியவர் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

அப்போது நான் சிதம்பரத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சேகர் மாமாவின் ரெக்கார்டிங் அறையில் வேலை. அப்பாவின் சிநேகிதர் என்பதால் மாமா. அந்த வருஷம் முதுநகர் சர்ச் பாட்டுக்குழுவின் கிறிஸ்துமஸ் சிடி எங்களிடம் வந்தது. முக்கியக் குரல் ஸ்டீபன் அண்ணன். அவருக்கு துபாய் விசா வந்துவிட்டது. ஆயுத பூஜை முடிந்ததும் கிளம்புகிறார். அவருடைய அம்மா தெரசம்மா ஒவ்வொரு பதிவுக்கும் கூடவே வந்து உட்கார்ந்திருப்பார். கிறிஸ்துமஸுக்கு மகன் இருக்க மாட்டான், குரலாவது சர்ச்சில் கேட்கட்டும் என்பதுதான் அவர் ஆசை. பாட்டு கெட்டுப்போனால் திரும்பப் பாட ஆள் கிடையாது. உங்களுக்குப் புரிந்துவிட்டது. மாமாவுக்குப் புரியவில்லை.

ரெண்டு வீடு

எங்களிடம் இருந்தது ஒரே டிஸ்க். விண்டோஸும் அதில், பாட்டும் அதில். ஸ்டீபன் அண்ணன் உச்சத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போது வைரஸ் சோதனை தானாகக் கிளம்பும். டிஸ்க்கின் முள் அங்கேயும் இங்கேயும் ஓடும். குரல் நடுவில் அறுந்துபோகும். அவர் மறுபடி பாடுவார், மறுபடி அறும். பாட்டுக்கென்று வேகமாகச் சுற்றும் தனி டிஸ்க் வேண்டும் என்று மாமாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏம்மா, ஒரே வீட்லதானே சமைக்கிறோம், தூங்குறோம்? தூங்குறதுக்குன்னு தனியா வீடு கட்டுறோமா?"

மனப்பாடம்

நான் வாரக்கணக்கில் வாதாடியும் அசையாதவர், தெரசம்மா ஒரு வார்த்தை சொன்னதும் சம்மதித்தார். அந்த எரிச்சலை இங்கே விவரிக்கவில்லை. சிதம்பரம் மேலவீதியில் ஒரு கடைக்குப் போனோம். துணைக்கு ஸ்டீபன் அண்ணன். கடைக்காரர் யுஎஸ்பியில் மாட்டும் ஒன்றை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தார். அதில் நிறைய பாட்டு கேட்கலாமாம். கேட்பதற்கில்லை, ஒரே நேரத்தில் பல குரல்களைப் பதிவுசெய்வதற்கு என்றேன் நான். அவர் அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னார். நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுற்று வேண்டும், கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கு உள்ளேயே மாட்டுவதாக வேண்டும், சத்தம் போடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணனோ வாசலில் போகிற ஆட்டோவைப் பார்த்தார். நான் கேட்டது கிடைத்தது. பில் போடும்போது கடைக்காரர் மனம் திறந்து அண்ணனிடம் பாராட்டினார்.

"உங்க சிஸ்டருக்கு நல்ல ஞாபக சக்தி சார். எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு வந்துருக்காங்க."

காலி இடம்

புது டிஸ்க்கில் பதிவு கண்ணாடி மாதிரி ஓடியது, ஒரு வாரம். அடுத்த சனிக்கிழமை குரல் மறுபடியும் அறுந்தது. உள்ளே பார்த்தால் பாட்டுக்குப் பக்கத்தில் ஏழெட்டு கல்யாண வீடியோ. மாமாவின் மச்சான் வீடியோ எடுக்கிறவர். அவர் அதே கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணத்தை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கிற வேலையை ஓடவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அத்தனை மாப்பிள்ளை, பெண்ணையும் நான் பழைய டிஸ்க்குக்குக் குடிபெயர்த்தேன். டீ குடித்துவிட்டு வந்தவருக்கு மனத்தாங்கல்.

"சும்மா காலியா கெடந்துச்சு. கேட்டா பாட்டுக்குன்றே. பாட்டுன்னா என்ன, படுத்துக்கவா போவுது?"

சந்தனம்

ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒரு பொடி ஓட்டை உண்டு, உள்ளே காற்று சமமாக இருப்பதற்காக. இதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். ஆயுத பூஜையன்று நான் போவதற்குள் மாமா கேபினெட்டைக் கழற்றி, இரண்டு டிஸ்க்குக்கும் பொட்டு வைத்திருந்தார். சந்தனம் சரியாக அந்த ஓட்டை மேலேயே. வட்டமாக இருந்ததால் பொட்டு வைக்கத்தான் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். பாட்டு டிஸ்க்கை மட்டும் பிடுங்கித் துடைத்தேன். பழையதைத் தொடப் போனபோது, பூஜை போட்டதைத் துடைக்கக் கூடாது என்று குறுக்கே நின்றார்.

"மெஷினுக்கு வருஷத்துல ஒரு நாள் லீவு. அன்னிக்கும் வந்து அதோட சண்டை போடணுமா நீ?"

யாரால் பிழைத்தது

ஸ்டீபன் அண்ணன் துபாய் போய்ச் சேர்ந்தார். மழைக்காலத்தில் ஒரு காலை, பழைய டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டு செத்துப்போனது. சந்தனத்தால்தான் என்று நான் சொல்லவில்லை; வயசானது, நிரூபிக்க முடியாது, வாதத்தில் நேர்மை வேண்டும். ஏழெட்டு கல்யாணமும் போனது. பாட்டு, தன் தனி வீட்டில், ஒரு எழுத்து குறையாமல் இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சில் ஸ்டீபன் அண்ணன் குரல் எழுந்தது, எங்கேயும் அறாமல். தெரசம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் மாமா பக்கம் திரும்பினேன். தனி டிஸ்க் ஏன் என்று இனி ஒருவரும் கேட்க முடியாது. வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பாத்தியாம்மா? சந்தனத்தோட இருந்த டிஸ்க்கு திருஷ்டியெல்லாம் தான் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. பாட்டு பொழைச்சிடுச்சு."

பக்கத்தில் தெரசம்மா, சர்ச் வாசலிலேயே நின்றுகொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

ஆகவே, என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, ஒலிப்பதிவுக்கு எப்போதும் ரெண்டு டிஸ்க் வாங்குங்கள்: ஒன்று பாட்டுக்கு, இன்னொன்று திருஷ்டிக்கு.