துண்டுக்கு அடியில் காய்ந்தவை

திங்கட்கிழமை காலையில் தலைப்பு வரும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதற்கு ஒரு படம் வரைந்து, கைப்பேசியில் பிடித்து, குழுவில் போட்டுவிட வேண்டும். அந்த இணைய ஓவியக் குழுவின் வழக்கம் இது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்த வயதில் வாராவாரம் வீட்டுப்பாடம்! சேர்த்துவிட்டவள் என் மருமகள். செந்தூல் அடுக்குமாடி வீட்டில் பகலெல்லாம் தனியாக இருக்கிறேனே என்ற கவலை அவளுக்கு.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. கல்யாணத்துக்குப் போனால்கூடக் கடைசி வரிசையில் தூண் ஓரமாகப் பார்த்து உட்காருவேன். குழுவில் அந்தத் தொல்லை இல்லை. படத்தைப் போட்டால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. 'மழை' என்றார்கள், வெள்ளத்தில் மிதந்துபோன பக்கத்து வீட்டுக்காரரின் ஒற்றைச் செருப்பை வரைந்தேன். 'பசி' என்றார்கள், ரொட்டி சானாய் கடையில் காத்து நிற்கும் முதுகுகளை வரைந்தேன். கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் பூவும் கைதட்டலுமாக அனுப்பினார்கள்.

ஒரு வாரம் 'மறைந்திருப்பது' என்று தலைப்பு வந்தது. மேகத்துக்குள் நிலா, இலைக்குள் குருவி, திரைக்குப் பின்னால் சாமி என்று ஆளாளுக்குப் போட்டார்கள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். எதிர் மாடி முழுக்கத் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆண்களின் ஜட்டிகள் வெளிக் கழியில் கொடி மாதிரி ஆடின. பெண்களுடையது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உள் கழியில், கைலிக்கும் துண்டுக்கும் அடியில் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

வயதுக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடு. வெயிலெல்லாம் துண்டுக்கு, ஈரமெல்லாம் நமக்கு. மழைக்காலத்தில் அந்த ஈரத்தையே உடுத்திக்கொண்டு, அரிப்பை யாரிடமும் சொல்ல முடியாமல் தொழிற்சாலை வேலைக்குப் போய் வந்தேன். காயாத துணியில் என்ன மானம் இருக்கிறதென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதையே வரைந்தேன். எங்கள் வீட்டுக் கழிகள், மகனின் ஜட்டிகள், காற்றில் தூக்கிக்கொண்ட ஒரு துண்டு, அதற்கு அடியில் ஒரு ரோஸ் பாவாடையும் இரண்டு உள்பாடிகளும். கலர் பென்சிலில் நன்றாகவே வந்தது. குழுவில் போட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகன், காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"என்னா மா இது! மாமா குழுவுல பாத்துட்டு போன் பண்ணி, உங்கம்மா பாடிக் கடை தொறந்துட்டாங்களான்னு கேக்குறாரு!"

மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்தை, அந்த ரோஸ் பாவாடை என்னோடதுதானே? கறையக்கூட விடலையா நீங்க?"

"இருந்துச்சு, போட்டேன்."

"நீ சிரிக்காத லா," என்று அவளை அடக்கினான். "மா, டிலீட் பண்ணிடுங்க."

"ஒன்னோட ஜட்டியும்தான் அதுல தொங்குது. மாமா அதக் கேக்கலையா?"

"அது ஆம்பள துணி மா."

"ஓகோ," என்றேன். படத்தை எடுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் குழுவின் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. ஆளுக்கு ஒரு படம், அவரவர் விருப்பம். நான் அந்தக் கழிப் படத்தைத்தான் தருவேன் என்று எழுதிப்போட்டேன். உடனே குழுத்தலைவி அழைத்தார். கிள்ளானில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனுஷி.

"அக்கா, படம் அழகா இருக்கு. ஆனா ஹால்ல வேணாமே. குடும்பம் குடும்பமா வருவாங்க. அந்த மழைச் செருப்பக் குடுங்களேன்."

"இதுதான் டீச்சர்."

"ஹால் கோயில் கமிட்டியோடது கா. அவங்க வந்து பாப்பாங்க."

"அவங்க வீட்டுலயும் பொம்பளைங்க துணி தொவைப்பாங்கதானே?"

அவர் சிரித்துவிட்டார். "தொவைப்பாங்க லா. நானே பாத்ரூம் கதவுக்குப் பின்னாலதான் போடுறேன். ஆனா பாருங்க..."

வாழ்நாளில் நான் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. "இது இல்லன்னா என்னோடது ஒன்னும் வேணாம் டீச்சர். செருப்பும் வேணாம். நானும் குழுவ விட்டுப் போயிடுறேன்."

"சரி, கொண்டு வாங்க," என்றார்.

கண்காட்சி அன்று காலை மருமகளும் நானும் ரயிலில் போனோம். காரை சர்வீசுக்கு விட வேண்டும் என்று மகன் நழுவிவிட்டான். மண்டபத்தில் பலகைகளை நிறுத்தி வரிசையாகப் படங்களைக் குத்தியிருந்தார்கள். முந்தின நாளே மருமகள் கொண்டுபோய்க் கொடுத்த என் படம் மட்டும் எங்கேயும் இல்லை. தேடினோம். கடைசிப் பலகையின் பின்பக்கம், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தபடி இருந்தது.

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஊசிகளைப் பிடுங்கினேன். வாசலுக்கு எதிரே, நிலாப் படத்துக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில் இடம் இருந்தது. அங்கே குத்தினேன்.

மண்டபத்து ஆள் ஒருவர் ஓடி வந்தார். "ஆன்டி, அது அங்க இல்ல. பிளான்ல வேற எடம்."

"பிளான் மாறிடுச்சு."

அவர் டீச்சரைக் கூட்டிவந்தார். டீச்சர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த டப்பாவிலிருந்து ஓர் ஊசியை எடுத்து நீட்டினார். "கீழ் மூலை தூக்குது கா. அதையும் குத்துங்க."

பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. வேட்டி கட்டிய கமிட்டிப் பெரியவர் ஒருவர், மனைவியோடு என் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"யாரு வரைஞ்சது இது?"

"நான்தான்," என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம்.

"இதையெல்லாம் எதுக்குமா இப்படி வெளிய போட்டிருக்கீங்க?"

"காயறதுக்கு," என்றேன்.

அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அடுத்த படத்துக்குப் போன பிறகும் அந்த அம்மா நகரவில்லை. நானும் நகரவில்லை. மண்டபத்தைப் பூட்டும்வரை அங்கேயேதான் நின்றேன்.